பொட்டு வைத்த சிவப்பு விளக்கு

கோபிசெட்டிபாளையத்தில் பாத்திரக்கடை நாச்சிமுத்துவிடம் ஒரு காலத்தில் ஒரு சின்னக் கார் இருந்தது. வெள்ளைக் கார். நான்கு பேர் உட்காரலாம். ஐந்தாவது ஆள் ஏறினால் யாராவது ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

நாச்சிமுத்துவுக்கு அந்தக் காரின் மேல் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கிறாரோ இல்லையோ, காரைக் குளிப்பாட்டிவிடுவார். முதலில் ஷாம்பூ, அப்புறம் பாலிஷ், அப்புறம் மெத்தென்ற ஒரு மஞ்சள் துணி. முப்பது வருடமாக எவர்சில்வரும் பித்தளையும் விற்கிற மனிதர். பளபளப்பு இருந்தால் பண்டம் நல்லது என்பது அவர் கண்ட உண்மை. குடத்துக்கு அது சரிதான். குடத்துக்குள்ளே என்ஜின் கிடையாதே.

அந்தக் காரின் முன் மூடிக்குக் கீழே, என்ஜினின் விலாவில், ஓர் ஒல்லிக் கம்பி குடியிருந்தது. தலையில் மஞ்சள் வளையம், கால் பக்கம் இரண்டு கோடு. என்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று இழுத்துப் பார்க்கிற கம்பி அது. மேல் கோடுவரை நனைந்திருந்தால் 'போதும்' என்று சொல்லும். கீழ்க் கோட்டையும் தாண்டி இறங்கிவிட்டால் 'போதாது' என்று சொல்லும். அதையும் யாராவது வெளியே இழுத்தால்தான் சொல்ல முடியும்.

அதை இழுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சர்வீசுக்கு விடுங்கள் என்று மெக்கானிக் போன் செய்தபோதெல்லாம், "வண்டி எங்கீங்க ஓடுது? கடைக்கும் வூட்டுக்குந்தானுங்களே" என்று சொல்லிவிடுவார் நாச்சிமுத்து. ஓடாத வண்டிக்கு எதற்கு வைத்தியம் என்பது அவர் கணக்கு.

உள்ளே ஆயில் கறுத்து இளைத்துக் கிடந்தது. வந்த புதிதில் தேன் நிறம். இப்போது அடுப்புக்கரி. ஒருநாள் அது கம்பியை அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "அண்ணே, முன்னெல்லாம் உன் முழங்கால்வரை நான் நிற்பேன். இப்போது உன் கால் நுனிதான் படுகிறது. நீ குட்டையாகிவிட்டாயா?"

"நான் அப்படியேதான் இருக்கிறேன். நீதான் வற்றிவிட்டாய்" என்றது கம்பி.

ஆயில் வற்றினால் இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசும். உரசி உரசி ஒருநாள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது கார் இல்லை, பாலிஷ் போட்ட தகர டப்பா. அது நடப்பதற்குள் யாராவது நாச்சிமுத்துவிடம் சொல்லியாக வேண்டும்.

கம்பி முதலில் ஹாரனைக் கூப்பிட்டது. "வாயுள்ள பிள்ளை நீ. ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லேன்."

"நான் கத்துவது ரோட்டில் போகிறவர்களைப் பார்த்து. வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினால் என் வாயை அடைத்துவிட மாட்டாரா?" என்றது ஹாரன்.

ஏ.சி.யிடம் கேட்டது. "உள்ளே குளுகுளு என்று உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய்க் கெட்ட செய்தி சொல்வார்களா? உனக்கு இங்கிதம் என்பதே கிடையாது கம்பி" என்றது ஏ.சி.

மிச்சம் இருந்தது சிவப்பு விளக்கு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு விளக்கு. ஆயில் குறைந்தால் எரிவதற்கென்றே அதை வைத்திருந்தார்கள். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. வண்டி வளைவில் திரும்பும்போதும், ரொம்ப நேரம் ஓடி நிற்கும்போதும், மினுக் மினுக் என்று ஒரு மாதமாகக் கண்ணடித்துப் பார்த்தது.

நாச்சிமுத்துவின் மனைவி சம்பூரணம் கூட ஒருநாள் கேட்டாள். "ஏனுங்க, என்னமோ செவப்பா மினுக்குதுங்களே?"

"வண்டி ஓடுதுன்னு காட்டறதுக்குப் புள்ள அது" என்றார் நாச்சிமுத்து. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

சம்பூரணத்துக்கு வேறொரு பழக்கம் இருந்தது. முகம் துடைக்கும்போது நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவாள். குளியலறைக் கண்ணாடி, பிரிட்ஜ், பீரோ, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, எங்கும் பொட்டு. ஒருநாள் வண்டியை ஓடவிட்டு நாச்சிமுத்து பூ வாங்க இறங்கிய நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்தாள். பொட்டு கையில். எதிரே மினுக்கல். எட்டிக் குனிந்து சரியாக அதன் மேலேயே ஒட்டினாள். கண்ணில் குத்துவதும் நின்றது, பொட்டுக்கும் இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து விளக்கு வேறு ஆளாகிவிட்டது.

"கம்பி, விஷயம் தெரியுமா? எனக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்!" என்றது. "ஹாரனுக்கு வைத்தார்களா? ஸ்டீயரிங்குக்கு வைத்தார்களா? இத்தனை முள், இத்தனை பொத்தான் இருக்க, என்னைத்தான் தேடி வைத்தார்கள்."

"அடப் பைத்தியமே, உன்னை மறைக்க வைத்தார்கள்."

"பொறாமையில் பேசாதே. மரியாதை செய்தவர்களிடம் போய்க் குறை சொல்வது நல்ல குடியில் பிறந்ததற்கு அழகா?"

கம்பிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் என்ன செய்ய? அதற்கு யாரும் பொட்டு வைக்கப் போவதில்லை. அது எப்போது வெளியே வந்தாலும் கிடைப்பது ஓர் அழுக்குத் துணி. அந்த அழுக்குத் துணிக்காகத்தான் அது ஏங்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் தாளவாடியில் சம்பூரணத்தின் தம்பி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சக் கூப்பிட்டான். பண்ணாரி தாண்டி, திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கும் அப்பால் போக வேண்டும்.

"மலையேறப் போறமுங்க. மெக்கானிக்குகிட்ட ஒருக்கா காட்டிப்போட்டு வந்துருங்களேன்" என்றாள் சம்பூரணம்.

"மெக்கானிக்கு என்னத்தப் பாப்பான்? ஆயிலப் பாப்பான். அத நானே பாக்கறன்."

அப்போதுதான் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து நிறுத்தியிருந்தார். என்ஜின் சூடு ஆறவில்லை. முன் மூடியைத் தூக்கினார், மஞ்சள் வளையத்தில் விரலை விட்டார், இழுத்தார்.

கம்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வெளிச்சம்! 'போதாது' என்று சொல்ல வாயெடுத்தது. வாயெடுத்தபடியே தன் உடம்பைக் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டது. ஓடி வந்த வேகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ஆயிலும் தெறித்து அதன் மேலெல்லாம் அப்பியிருந்தது. மேல் கோட்டையும் தாண்டிக் கறுப்பு மினுமினுத்தது.

"துடையுங்கள்! துடைத்துவிட்டு இன்னொரு தடவை விட்டு எடுங்கள்!" என்று கம்பி கதறியது.

நாச்சிமுத்துவின் தோளில் மஞ்சள் துணி இருந்தது. துணியைப் பார்த்தார். கருகருவென்ற ஆயிலைப் பார்த்தார். பாலிஷ் துணியை இதற்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பாத்தியா புள்ள, கழுத்து மட்டுக்கும் இருக்குது! வண்டி தங்கம்" என்று சொல்லி, இழுத்த கம்பியை அப்படியே செருகிவிட்டு, முன் மூடிக்கு இன்னொரு முறை பாலிஷ் போட்டார்.

கம்பி இருட்டுக்குள் குன்றிப்போய் நின்றது. "கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் பொய் சொல்லிவிட்டேனே" என்று புலம்பியது.

"பொய் உன்னுடையது இல்லை அண்ணே, என் தெறிப்பு சொன்னது" என்றது ஆயில். அதன் குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து கேட்பது போல இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கார் பண்ணாரியைக் கடந்து மலையேறத் தொடங்கியது. மலையேறும்போது இழுவை குறையக் கூடாது என்று ஏ.சி.யை அணைத்துவிடுவது நாச்சிமுத்துவின் வழக்கம். அணைத்தார். முதல் வளைவில் ஆயில் ஒரு பக்கம் சரிந்தது. மூன்றாவது வளைவில் மறுபக்கம் ஒதுங்கியது. ஏழாவது வளைவில் என்ஜினுக்குள்ளிருந்து டக் டக் என்று ஒரு சத்தம் கிளம்பியது.

"விளக்கே! எரி! இப்போது எரியாமல் எப்போது எரியப் போகிறாய்?" என்று கம்பி அலறியது.

"எரிந்துகொண்டுதான் இருக்கிறேன். பொட்டுக்குப் பின்னால்."

"தள்ளிவிடு அந்தப் பொட்டை!"

விளக்கு மெல்லச் சொன்னது: "அது போனால் நான் மறுபடியும் கண்ணில் குத்துகிற சனியன். உனக்கென்ன, நீ என்றைக்கு மரியாதை பார்த்தாய்?"

"என்ஜின் பிடித்துக்கொண்டால் நம்மை எல்லாம் சேர்த்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவார்கள். அங்கே போய்ப் பொட்டோடு உட்கார்ந்திரு!"

அதே நேரம் டக் டக் என்பது கரகர என்று மாறியது. அந்தச் சத்தம் விளக்கின் காதிலும் விழுந்தது. அதற்குப் பயம் வந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது. எரிவதற்கென்று பிறந்துவிட்டு, ஒரு பொட்டுக்காக இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறோமே! அது பல்லைக் கடித்துக்கொண்டு மினுக்காமல், மங்காமல், நின்று எரிந்தது. ஏ.சி. இல்லாத காருக்குள் வெயில் வேறு கொதித்தது. பொட்டின் பசை இளகியது. பொட்டு ஒரு பக்கம் சாய்ந்து, வழுக்கி, நாச்சிமுத்துவின் முழங்காலில் விழுந்தது.

"ஏனுங்க, அந்த லைட்டு எரியுதுங்க!" என்றாள் சம்பூரணம்.

"அது எப்பவும் மினுக்கறதுதான் புள்ள."

"இப்ப மினுக்கலீங்க. நின்னு எரியுது. வண்டிய நிறுத்துங்க."

"பாதி மலையில நிறுத்துனா பொறத்தாண்டி வர்றவன் வைய மாட்டானா?"

"வைதா வையட்டுமுங்க. நீங்க நிறுத்தறீங்களா, நான் கதவத் தொறந்து குதிக்கட்டுங்களா?"

நாச்சிமுத்து நிறுத்தினார். எட்டாவது வளைவில், ஓரமாக, ஒரு சரக்கு லாரி சூடு ஆறுவதற்காக நின்றிருந்தது. அதன் டிரைவர், சங்ககிரிக்காரர், ராக்கியண்ணன் என்று பேர். கார் நின்ற சத்தத்தைக் கேட்டதுமே எழுந்து வந்தார்.

"என்னங்க, இரும்பு கடிக்கிற சத்தம் வருது? ஆப் பண்ணுங்க மொதல்ல. சித்தெ நேரம் ஆறட்டும்."

கால் மணி நேரம் ஆறவிட்டார்கள். பிறகு ராக்கியண்ணன் கம்பியை இழுத்தார். இழுத்த கையோடு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தலை முதல் கால் வரை அழுத்தித் துடைத்தார். நல்ல வெள்ளைத் துண்டு. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி உள்ளே விட்டு, இழுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

கம்பி ஒன்றரை வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னது. நுனியில் ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேலே வெறும் இரும்பு.

"அட சாமி!" என்றார் ராக்கியண்ணன். "இன்னும் ரெண்டு வளைவு ஏறியிருந்தீங்கன்னா என்ஜினு அப்பிடியே புடிச்சிருக்குமுங்க."

நாச்சிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? "நேத்து நானே இழுத்துப் பாத்தனுங்க. கழுத்து மட்டுக்கும் இருந்துச்சு. கம்பி ஏதாச்சும் பழுதா இருக்குமுங்களா?"

கம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

"தொடைச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"கம்பி மேல குத்தமில்லீங்க. மொதத் தடவ இழுத்தா அது நம்ம மனசுக்குப் புடிச்சதத்தான் காட்டும். தொடைச்சுப்போட்டு ரெண்டாந்தடவ கேக்கோணும். அப்பத்தான் நெசஞ் சொல்லும்."

ராக்கியண்ணன் லாரியிலிருந்து ஆயில் கேனை எடுத்து வந்து ஊற்றினார். "இது லாரி ஆயிலுங்க. மெதுவாப் போங்க, தாளவாடி மட்டுக்கும் தாங்கும். அங்க போனதும் மொத்தத்தையும் எறக்கிட்டுப் புதுசா ஊத்திப்போடுங்க" என்றார்.

ஊற்றி முடித்ததும் மறுபடி இழுத்துப் பார்க்க ராக்கியண்ணன் துண்டை எடுத்தார். "சித்தெ இருங்க, நான் பாக்கறன்" என்று நாச்சிமுத்து தடுத்தார். காருக்குள் போய் மஞ்சள் துணியை எடுத்து வந்தார். கம்பியை இழுத்து அதிலேயே துடைத்தார். துணி பாழாயிற்று. உள்ளே விட்டு, மறுபடி இழுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

'போதும்' என்றது கம்பி. தான் சொல்வதை வீட்டுக்காரர் இவ்வளவு கவனமாகப் படிப்பதை அது முதல் தடவையாகப் பார்த்தது.

சாவியைத் திருப்பினார் நாச்சிமுத்து. விளக்கு ஒரு தரம் பளிச்சென்று எரிந்தது. என்ஜின் கிளம்பிச் சீராக உறுமியதும் அணைந்துவிட்டது. சம்பூரணம் எட்டிப் பார்த்து நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கார் ஒன்பதாவது வளைவில் திரும்பியது. அப்போதும் விளக்கு எரியவில்லை.

ஹாரனுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன விளக்கே, முகத்தை இருட்டாக வைத்துக்கொண்டிருக்கிறாய்? பொட்டு போன வருத்தமா?"

"வருத்தமெல்லாம் இல்லை" என்றது விளக்கு. "நான் சொன்னதைக் கேட்டுவிட்டார்கள். இனி எதற்கு எரிவது?"