இரண்டாவது குப்பிக்கும் அதே நீதி

அந்த ஆய்வுக்கூடத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மூளையையும் ஒப்பந்தத்தில்தான் எடுத்திருப்பார்கள் போல. அது வேலைக்கு வந்த நாள் குறைவு.

தலைவர் பூவலிங்கம், மூடிப்போன மில்லில் கொடி பிடித்தவர். கொடி போய்க் குப்பி கைக்கு வந்ததில் அவருக்குக் கசப்புதான். ஆனால் சமத்துவம் என்றால் உயிரை விடுவார்.

டாக்டர் கோதைநாயகி இரண்டு கண்ணாடிக் குப்பிகளைக் காட்டினார். இரண்டிலும் எலியின் உயிரணுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

"மருந்து முதல் குப்பிக்கு மட்டும். ரெண்டாவது கன்ட்ரோல், ஒப்பிட்டுப் பார்க்க. மத்தபடி இதுக்கு என்ன செஞ்சாலும் அதுக்கும் செய்யணும். அப்பத்தான் மருந்தால புரதம் கூடுதான்னு தெரியும். கெடுத்தீங்க, மூணு பேருக்கும் வேலை கிடையாது."

மருந்தை ஒழுங்காகத்தான் விட்டார்கள். மூடும்போது, மூவரில் ஒருவரான சிங்கராயர் முதல் குப்பிமேல் தும்மிவிட்டார்.

"போச்சு! அதுக்கும் தும்மு," என்றார் பூவலிங்கம்.

"வரலையே, தோழர்."

"அப்ப அதை ஏமாத்துறதா? தங்கமாயா, மூக்குப்பொடி வாங்கிட்டு வா."

பொடி வந்தது. ஒரு தும்மலுக்குப் பதில் ஒரு வண்டித் தும்மல் வந்தது. மிச்சத்தை முதல் குப்பிக்குக் கொடுக்கப் போனார், அங்கே கூடிவிட்டது. மாறி மாறித் தும்மியதில், சிங்கராயர் கையிலிருந்த முதல் குப்பி விழுந்து நொறுங்கியது.

பூவலிங்கம் குனிந்து சில்லுகளைப் பார்த்தார். வேலையைக் காப்பாற்ற ஒரே வழிதான்.

"எந்த உசரத்துலேருந்து விழுந்துச்சு?"

"என் இடுப்புலேருந்து."

"அப்ப நீயே போடு. என் இடுப்பு உசரம் ஜாஸ்தி, பாரபட்சம் ஆயிடும்."

போட்டார். இரண்டாவது குப்பி உடையாமல் உருண்டு ஓடியது.

"கருங்காலி!" என்று அதைத் திட்டிய பூவலிங்கம், உடைகிறவரை போடச் சொன்னார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். பூவலிங்கம் பெருமையோடு தரையைக் காட்டினார். "ரெண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லீங்க, மேடம்."

மறுநாள் மூவரும் வாசலுக்கு வெளியே இருந்தார்கள். பூவலிங்கம் மாலை போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். "வேலை கிடைக்கிறவரை மூணு பேரும் உண்ணாவிரதம்!"

"எல்லாரும் பட்டினி கிடந்தா, பட்டினியாலதான் வேலை கிடைச்சதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் சிங்கராயர். "கன்ட்ரோல் வேணாமா, தோழர்?"

பூவலிங்கம் அசந்துபோனார். தன் பழைய போராட்டங்களெல்லாம் ஏன் தோற்றன என்று அப்போதுதான் விளங்கியது.

சிங்கராயர் கன்ட்ரோலாக உட்கார்ந்து பரோட்டா தின்றார். ஒரு கன்ட்ரோல் போதாது என்று தங்கமாயனும் இலை போட்டார். சால்னா வாசனை தலைவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு கன்ட்ரோலும் சரியா என்று பார்க்க மூன்றாவது ஒன்று வேண்டுமே! மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு அவரும் இறங்கினார்.

மதியம் போலீஸ்காரர் வந்தார். "இங்கே யாருய்யா உண்ணாவிரதம்?"

பூவலிங்கம் வாய் நிறையப் பரோட்டாவோடு எழுந்து, மாலை போட்ட காலி நாற்காலியைக் கும்பிட்டார்.

"அவருதாங்க. காலையிலேருந்து பச்சைத் தண்ணி தொடலை."