புற்றில் கிடைத்த நாக எழுத்து

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மாவலிமாறன் என்ற அரசர் ஆண்டு வந்தார். ஆண்டது காலையில் மட்டும்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அரசவைக் கதவைச் சாத்திவிட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார்.

விளையாட்டின் பெயர் மாயநாடு. அதில் அரசர்தான் கருட ராஜா. தளபதி வேலப்பர் பூதம். மந்திரி சாத்தப்பர் யட்சர் தலைவர். ஆளுக்கொரு வேஷம், வேஷத்துக்கேற்ற பேச்சு. ஒருநாள் அரசருக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது.

"பூதமும் யட்சனும் ஒரே எழுத்தில் எழுதினால் நன்றாகவா இருக்கிறது? ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எழுத்து வேண்டும். செய்துகொண்டு வாருங்கள்" என்றார்.

அரசர் செய்த கருட எழுத்து முழுக்க வட்டம் வட்டமாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் அதிரசம். தளபதியின் பூத எழுத்து வெறும் கத்திவெட்டு. சாத்தப்பர் ஏழே ஏழு எழுத்தோடு வந்து நின்றார்.

"ஏன் மந்திரியாரே, இவ்வளவு குறைச்சல்?"

"யட்சர்கள் அதிகம் பேசமாட்டார்கள், அரசே."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கோதண்டராயருக்குப் பொறுக்கவில்லை. அரண்மனைத் துணிமணிகளுக்கு மேற்பார்வையாளர் அவர். மந்திரி ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கண். மறுநாளே ஓர் ஓலையோடு ஓடிவந்தார்.

"அரசே, நான் ஒன்றும் செய்யவில்லை. கிழக்குக் கரைப் புற்றில் இது கிடைத்தது. நாகர்களின் உண்மையான எழுத்து. மூன்று நாள் விரதமிருந்ததில் நாகராஜா கனவில் வந்து படிக்கச் சொல்லிக்கொடுத்தார்."

"என்ன எழுதியிருக்கிறது?"

ராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என் வாயால் எப்படிச் சொல்வேன்? 'சாத்தப்பன் இந்த மண்ணில் இருக்கும்வரை மழை பெய்யாது. வெள்ளிக்கிழமைக்குள் அவன் எல்லை தாண்ட வேண்டும்.'"

மூன்று மாதமாக நாட்டில் மழையில்லை. அரசரின் முகம் வெளுத்துவிட்டது.

"அரசே, இது விளையாட்டு" என்றார் சாத்தப்பர்.

"புற்றில் கிடைத்தது விளையாட்டா? இதை வேறுவிதமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாரும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொள்ளும்."

இருபது வருஷம் உழைத்த மனிதர். ஓலையைப் பார்த்துப் பிரதி எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அழுதுகொண்டே துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சாத்தப்பருக்கும் கண் கலங்கியது. மேல்துண்டின் முனையை எடுத்துத் துடைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முனையில் ஒரு கொக்கி, கொக்கியின் மேல் ஒரு கோடு. ஓலையின் நாலாவது எழுத்து!

மூட்டையைப் பிரித்து அவர் ஒவ்வொரு துணியாக உதற, மனைவி பயந்துபோனாள். பிறகு நேராக ஆற்றங்கரைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடன் அரசவைக்கு வந்தவள் மாசாணி. அரண்மனைக்கும் அதிகாரிகளின் வீடுகளுக்கும் துணி வெளுப்பவள்.

"நாகர் எழுத்தை இவளா படிக்கப்போகிறாள்?" என்று ராயர் சிரித்தார்.

மாசாணி ஓலையை வாங்கி முதலில் அதைத் திருப்பிப் பிடித்தாள். "தலைகீழா வச்சிருக்கீங்க சாமி. முதல்ல இருக்கறது கணக்கர் வீடு. அடுத்தது அரண்மனை வைத்தியர் வீடு. இது தளபதி ஐயா வீடு, கீழ ரெண்டு புள்ளி."

"வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள்" என்றார் ராயர்.

"அப்படியானால் வேஷ்டி முனையைப் பார்த்துவிடலாமே" என்றார் சாத்தப்பர். "வெளுத்த துணி வீடு மாறாமல் இருக்க இவள் சேங்கொட்டைப் பாலால் போடும் குறி எல்லோரிடமும் இருக்கிறது."

சபையே குனிந்தது. கணக்கரிடம் அவள் சொன்ன குறி. வைத்தியரிடம் அவள் சொன்ன குறி. தளபதியிடமும் அதேதான், கீழே புள்ளி மட்டும் இல்லை.

"அந்த ரெண்டு புள்ளி எதற்கு?" என்றார் அரசர்.

"அது விரிப்புக்கு மட்டும் போடறது மகாராஜா. ராத்திரி நனைஞ்சது, தனியா ஊறவைக்கணும்."

"வீட்டில் குழந்தை..." என்று தளபதி இழுத்தார். அவருக்குக் குழந்தை இல்லை என்பது நாட்டுக்கே தெரியும். "அம்மா, மேற்கொண்டு படிக்க வேண்டாம்" என்று அவரே கும்பிட்டார்.

அரசர் மெல்லத் தன் பட்டின் ஓரத்தைப் புரட்டினார். கடைசி எழுத்து அங்கே இருந்தது. "இதற்கு என்ன பொருள்?"

மாசாணி கொஞ்சம் தயங்கினாள். "சாயம் போகும், பக்கத்துல இருக்கறதுல ஒட்டிக்கும். பார்த்து அலசணும்னு அர்த்தம் சாமி."

அரசர் ராயரைப் பார்த்த பார்வையில் அவர் காலில் விழுந்துவிட்டார். "அரசே, எழுத்து எதுவும் தோன்றவில்லை. துணி மூட்டையைப் பார்த்து எழுதிவிட்டேன். இந்தக் கிறுக்கலை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்."

"நாங்க தினமும் படிக்கறோம் சாமி" என்றாள் மாசாணி. "ஒரு தடவை தப்பாப் படிச்சா மகாராஜா பட்டு வைத்தியர் வீட்டுக்குப் போயிரும்."

அரசர் இறங்கி வந்து சாத்தப்பரின் கையைப் பிடித்தார். "அழுக்குத் துணியை வேதவாக்காக நம்பி உம்மைத் துரத்தப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது." மாசாணியின் குறிகளே இனி மாயநாட்டின் நாக எழுத்து என்றும், ஆட்டத்தில் அவள்தான் நாகராணி என்றும் அறிவித்து, தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை ராயருக்கு. ஒரு மாதம் ஒரு துணிகூட வீடு மாறக்கூடாது. மாறினால் மறுபடி முதலிலிருந்து. அவர் எத்தனை முறை முதலிலிருந்து தொடங்கினார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"உமக்கு என்ன வேண்டும், மந்திரியாரே?"

"ஒன்றே ஒன்று, அரசே. இனி ஒருவனை நாட்டைவிட்டு அனுப்புவதென்றால், அந்த ஓலை அவனுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருக்கட்டும்."

அரசர் ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சட்டத்தைத் தன் கையாலேயே எழுதினார், நல்ல தமிழில்.