இருகரை ஓணானும் காரியக்காரர் குடித்தனமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கல்லாற்றின் இரண்டு கரையையும் குணவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நிஜத்தில் ஆண்டவர் அவனுடைய அமைச்சர் மாசிலாமணி. ராஜாவுக்கு வேறு வேலை இருந்தது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு யாரை என்ன கேட்டுத் திணறடிக்கலாம் என்று யோசிக்க வேண்டுமே.

ஒருநாள் வேட்டைக்குப் போனான். மான் கிடைக்கவில்லை, ஓணான்தான் கிடைத்தது. இக்கரை வேலியில் வைக்கோல் நிறத்தில் ஓர் ஓணான். படகேறி அக்கரைக் காட்டுக்குப் போனால் அங்கேயும் ஓணான். அதே முதுகு முள், அதே தலையாட்டல், ஆனால் இலைப் பச்சை. திரும்பி வரும்போது பார்த்தால் இக்கரைப் படகுத்துறை ஆலமரத்தில் இரண்டு நிறமும் இருந்தன. பச்சை உச்சிக்கிளையில், வைக்கோல் நிறம் அடிமரத்தில். ராஜாவுக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் சபையில் கேட்டான். ஒரே குடும்பத்துப் பிராணி இரண்டு கரைக்கும் எப்படிப் போயிற்று? நிறம் ஏன் வேறு? ஒரே மரத்தில் அடித்துக்கொள்ளாமல் எப்படி இருக்கின்றன?

சூரபதி என்று ஒருவர் எழுந்தார். அரண்மனைக் காரியக்காரர். விரலுக்கு விரல் மோதிரம். அமைச்சரின் ஆசனத்தை, பசித்தவன் பந்தியைப் பார்க்கிற மாதிரிதான் எப்போதும் பார்ப்பார். மாசிலாமணி அக்கரையில் பிறந்தவர் என்பது வேறு அவருக்குத் தொண்டையில் முள். பச்சை ஓணான் அக்கரையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, ஒரே இனத்தில் இரண்டு ஓரிடத்தில் வாழவே வாழாது, ஒன்று மற்றதை விழுங்கிவிடும், அதற்குள் வந்தேறியை விரட்டிவிட வேண்டும் என்றார். பேச்சுதான் ஓணானைப் பற்றி. கண் முழுக்க அமைச்சர்மேல்.

ராஜாவுக்கு எப்போதும் கடைசியாகக் கேட்டதுதான் பிடிக்கும். நாளைக்குள் அமைச்சர் தனக்குப் புரிகிற மாதிரி மறுப்புச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பச்சை ஓணான்களைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

மாசிலாமணிக்குப் பதில் தெரியாமல் இல்லை. எல்லாம் ஒரு காலத்தில் ஒரே கூட்டம். ஆறு தடம் மாறி நடுவில் ஓடியதும் அந்தண்டை பாதி, இந்தண்டை பாதி. தலைமுறை தலைமுறையாக அந்தந்த மண்ணுக்குத் தோதான நிறம், தீனி, பழக்கம். ஆனால் இதை ராஜாவிடம் சொன்னால் பாதியில் கொட்டாவி விடுவான், மீதியைச் சூரபதி குதறிவிடுவார். வீட்டில் வந்து புலம்பினார். மனைவி காந்திமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீங்க ஏன் சொல்றீங்க? அந்த ஆள் வாயாலேயே சொல்ல வைங்க. ரெண்டு கரையிலயும் குடித்தனம் நடத்துற மனுஷனுக்குத் தெரியாததா?"

ஊரறிந்த விஷயம்தான். சூரபதிக்கு மனைவிமார் இருவர். கூடப்பிறந்த அக்காள் தங்கை. பர்வதம் இக்கரையில், செண்பகம் அக்கரையில்.

மறுநாள் மாசிலாமணி சபையில் பணிவாகக் கும்பிட்டார். "மகாராஜா, காரியக்காரர் சொன்னதைச் சோதித்தே பார்த்துவிடலாம். அவருடைய மனைவிமார் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இருவரையும் இன்றைக்கே ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் குடிவைப்போம். ஒத்துவராவிட்டால் அவர் பேச்சு சரி. அப்போது வந்தேறி யாரோ அவரை விரட்டிவிடலாம். யார் என்று மட்டும் அவரே சொல்லட்டும்."

சூரபதி அவசரமாகக் கைகூப்பினார். யார் பெயரைச் சொன்னாலும் ஒரு கரையில் சோறு கிடைக்காது.

"வேண்டாம் மகாராஜா. ஒரே வயிறுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஆறு வந்துவிட்டதே. இவள் வெயிலுக்குப் பழகியவள், கம்பங்கூழ் சாப்பிடுகிறவள். அவள் காட்டுக் குளிர்ச்சிக்குப் பழகியவள், தினைமாவு இல்லாமல் ஆகாது. பேச்சே மாறிப்போயிற்று. திருவிழாவுக்கு வந்தால்கூட ஒருத்தியை மாடியில், ஒருத்தியைக் கீழே வைப்பேன். தனித்தனி இடம், தனித்தனி அடுப்பு. அதனால்தான் சண்டையில்லை. யாரையும் விரட்ட வேண்டியதில்லை."

"ஓணானும் அப்படித்தானோ?" என்றான் ராஜா.

"ஓணானும் அப்படித்தான் மகா..." என்ற சூரபதி அங்கேயே நின்றார். சபை சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன.

ராஜா தன் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினான். ஆசனம் அமைச்சருக்கே, ஆலமரம் ஓணான்களுக்கே என்று தண்டோரா போடச் சொன்னான். அதோடு விட்டிருந்தால் அவன் குணவீரனே இல்லை. சோதனையையும் பார்த்துவிட வேண்டும் என்று செண்பகத்தை அழைத்துவர அக்கரைக்குப் பல்லக்கு அனுப்பினான்.

கொஞ்ச நாள் கழித்து, வீட்டில் எப்படி என்று விசாரித்தான். சண்டையே இல்லை என்றார் சூரபதி. மாடி செண்பகத்துக்கு, கீழ்வீடு பர்வதத்துக்கு. காலைச் சமையல் இவள், மாலைச் சமையல் அவள். பேசி முடித்துக்கொண்டார்களாம்.

"அப்புறம் ஏன் ஓய் முகம் இப்படி இருக்கிறது?"

"பங்கு போட்டதில் எனக்கு மாட்டுக்கொட்டகைதான் மிஞ்சியது மகாராஜா."

மாசிலாமணி தம் ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கொட்டகையாவது கொடுத்தார்களே, காரியக்காரரே. என்னை விரட்டச் சொன்னபோது நீர் அதுகூடக் கொடுக்கச் சொல்லவில்லை."