நரி வரவழைத்த பனி

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் நிழல்கூடச் சுடும். குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: பாறைக்கு அடியில் சுனை கசியும் ஒரு குகை. அதில் முள்ளி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தாள். குட்டிகளுக்கு முள் இன்னும் முற்றவில்லை.

அந்தக் குகைமேல் நரிக்கு ஒரு கண்.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்த வாலாட்டிக் குருவி பனியைப் பற்றிச் சொல்லியிருந்தது. "உயர்ந்த சிகரங்களில் பனி வருடம் முழுவதும் கிடக்கும். சரிவுகளில் குளிர்காலத்தில் மட்டும் கொட்டும். வெள்ளையாக, சத்தமில்லாமல் விழும். இந்தக் காட்டு வெயிலில் அது எங்கே விழப்போகிறது?" நரி அதைக் கேட்டு வைத்துக்கொண்டது. முள்ளியும் கேட்டிருந்தாள்.

பங்குனியில் மலைக்கு அந்தப் பக்கம் நின்ற இலவமரத்தில் காய்கள் வெடித்தன. அந்த ஆண்டு காற்று திசைமாறி அடித்ததால், பஞ்சு இந்தப் பக்கம் பறந்து வந்தது.

நரி பாறைமேல் ஏறி நின்றது. "பார்த்தீர்களா? வடக்கிலிருந்து பனியை வரவழைத்துவிட்டேன்."

அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்த கரடித் தலைவர் உடனே நடுங்க ஆரம்பித்தார். மூக்கில் பஞ்சு புகுந்த முயல் தும்மியது. "பார், சளி பிடித்துவிட்டது" என்றது மான்.

"நரியாரே, உமக்கு என்ன மரியாதை செய்வது?" என்றார் கரடி.

"எனக்கென்ன ஆசை? நீங்கள் வற்புறுத்தினால் அந்தக் குகை போதும்."

"முள்ளி, குட்டிகளோடு இப்போதே கிளம்பு."

முள்ளியின் முள்ளில் ஒரு பஞ்சு சிக்கியிருந்தது. அதற்குள் கறுப்பு விதை தெரிந்தது. காட்டலாமா என்று பார்த்தாள். எல்லோரும் மும்முரமாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். யார் நம்புவார்கள்?

"கிளம்புகிறேன் தலைவரே. ஆனால் நரியாருடையது பனியை அழைத்த உடம்பு. சில்லென்ற குகைக்குள் போனால் விறைத்துவிடாதா?"

"எனக்குப் பழக்கம்தான்" என்றது நரி.

"பனிநாட்டு விலங்குகளுக்கு அடர்ந்த ரோமம் உண்டு என்று வாலாட்டி சொன்னதே. இவர் வாலைப் பாருங்கள், துடைப்பம்கூட இதைவிட அடர்த்தி. பெரியவரை நாம்தானே காப்பாற்ற வேண்டும்?"

"நியாயம்" என்றார் கரடி.

நரியைத் தூக்கி வெயில் பாறையில் கிடத்தினார்கள். சருகுகளை மலைபோல் குவித்து மூடினார்கள். அதன்மேல் கரடி படுத்துக்கொண்டார்.

"குளிர் விட்டதா?"

"விட்டது, விட்டது. எழுந்திருங்கள்."

"குரல் நடுங்குகிறதே. இன்னும் இரண்டு கை சருகு கொண்டு வாருங்கள்."

மேலும் சருகு விழுந்தது. பிறகு சருகுக் குவியல் சிதறியது.

"பனியுமில்லை ஒன்றுமில்லை. அது வெறும் இலவம்பஞ்சு. விடுங்கள் என்னை" என்று கத்திக்கொண்டே ஓடிய நரி, எருமைகள் புரளும் சேற்றில் போய் விழுந்தது.

கரடி தன் மூக்கின்மேல் இருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தார்.

"அப்படியானால் எனக்குக் குளிரவில்லையா?" என்று கேட்டார்.

முள்ளி தரையில் கிடந்த பஞ்சையெல்லாம் பொறுக்கி, குகைக்குள் குட்டிகளுக்கு மெத்தை போட்டாள்.

நீதி: பொய்யைப் போர்த்திக்கொண்டவன் அதன் புழுக்கத்தையும் தாங்கத்தான் வேண்டும்.