ஐந்தாம் பட்டத்தின் சொந்தக்காரர்

அந்தக் காலத்தில், ஆல்ப்ஸ் மலைக் கரடிகள் மனிதர்களோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, லோரன்ஃபெல்ஸ் என்றொரு நாடு இருந்தது. நாடு சின்னதுதான். ஆனால் அதை ஆண்ட குடும்பத்துக்குப் பட்டங்கள் ஏழு!

அரசர் இறந்ததும் அவருடைய ஒரே மகள் ஹெட்விக்கோடு சித்தப்பா ஓட்மார் நாட்டுக்காகச் சக்கரவர்த்தியிடம் வழக்குக்குப் போனார். "நாளை உச்சி மணி அடிப்பதற்குள் அவள் என் சபையில் ஏழு பட்டங்களையும் சொல்லி உரிமை கேட்கட்டும். தவறினால் நாடு உனக்கு" என்று அவரிடம் சொன்னார் சக்கரவர்த்தி.

மறுநாள் காலை ஹெட்விக் குதிரையில் பறந்து வந்தாள். ஆற்றுப் பாலத்தைச் சித்தப்பாவின் ஆட்கள் வெட்டிப் போட்டிருந்தார்கள்! பனி உருகிய வெள்ளம் சுழித்துப் பாய்ந்தது. கரையில் ஒரு கிழட்டுக் கரடி நின்றது.

"கரடியாரே, என்னைச் சபைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களா?"

"உன் ஐந்தாம் பட்டம் என்ன, பெண்ணே?"

"கருமலைக்கு அதிபதி."

"நான் பிறந்த மலை அது. உன் முன்னோர் அங்கே வேட்டையாடி என் பிள்ளைகளைக் கொன்றார்கள். அந்தப் பட்டத்தை எனக்குக் கொடு."

கொடுத்தால் அவளிடம் மிஞ்சுவது ஆறு பட்டங்கள்தான். ஆனால் கரடியின் கண்ணைப் பார்த்தபின் மறுக்க வாய் வரவில்லை.

"இனி அது உங்களுடையது."

கரடி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் பாய்ந்தது! அக்கரை ஏறியும் நிற்காமல் அரண்மனை வாசல்வரை ஓடியது.

சொட்டச் சொட்ட நனைந்தபடி ஹெட்விக் சபை நடுவே நின்று பட்டங்களைச் சொன்னாள். நான்கு முடிந்தது. ஐந்தாவதையும் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"மறந்துவிட்டாள்!" என்று துள்ளினார் ஓட்மார்.

"மறக்கவில்லை சித்தப்பா. அது இப்போது என்னுடையதில்லை."

மணிக்கயிற்றை இழுக்கப் போனான் காவலன். அப்போது வாசல் அதிர ஓர் உறுமல் எழுந்தது.

"கருமலைக்கு அதிபதி, நான்!"

சபை சிதறி ஓடியது. ஹெட்விக் அசையாமல் நின்று, மிச்சம் இரண்டையும் சொல்லி முடித்தாள். மணி அடித்தது.

"ஏழும் என் காதில் விழுந்தன," என்றார் அரியணைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த சக்கரவர்த்தி. "நாடு இவளுக்கே!"

அன்று முதல்தான், லோரன்ஃபெல்ஸ் வம்சத்தாரின் பட்டங்களை வாசிக்கும் கட்டியங்காரன் நான்காவதைச் சொன்னதும் வாய்மூடித் தலை வணங்குகிறான். அந்த வம்சத்தில் யாரும் கருமலையில் வேட்டைக்குப் போவதில்லை.