காற்றடித்த அன்று மாஸ்டர் உட்கார்ந்திருந்த இடம்

“மாஸ்டர், உங்க மனசுல ஓரவஞ்சனை இருக்கு.”

மூச்சு வாங்கியபடி வந்து நின்றாள் பேச்சியம்மாள். கையிலிருந்த அலைச்சறுக்குப் பலகையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

மணலில் சம்மணம் போட்டிருந்த அமலி நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டருக்கு இருபத்துமூன்று வயது. சீடப்பெண்ணுக்கு முப்பத்தெட்டு.

“உக்காருங்கக்கா. என்ன ஆச்சு?”

“நான் ஒண்ணும் உக்கார வரல.”

ஞாயிற்றுக்கிழமை போட்டி. பேச்சி, டெல்பின் இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் அமலி அனுப்புவாள். அது யார் என்று உள்ளுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது என்பது பேச்சியின் சந்தேகம். அது உண்மையென்றால் இன்றைக்கே பலகையை ஒப்படைத்துவிட்டுக் கோவில்பட்டி பஸ் ஏறிவிட வேண்டியதுதான்.

“தண்ணியில இறங்கும்போது எனக்கு நேரா இருந்தீங்க. கொஞ்சம் கழிச்சுப் பாத்தா டெல்பின் பக்கம். இன்னும் கொஞ்சம் கழிச்சுப் பாத்தா அவ எதிர்லயே போயி உக்காந்தாச்சு. கரை ஏறி உங்கள தேடி எம்புட்டுத் தூரம் நடந்து வாரேன் தெரியுமா?”

“அப்படியா?”

“சிரிக்காதீங்க மாஸ்டர். நான் ஒண்ணும் குருடியில்ல.”

கடலில் டெல்பின் மட்டும் இருந்தாள். குப்புறப் படுத்து, ஓயாமல் தெற்கே பார்த்துத் துடுப்புப் போல் கைகளை வலித்துக்கொண்டிருந்தாள். அலை வராத நேரத்திலும் இவள் எதற்கு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறாள்? மாஸ்டர் பார்க்கட்டும் என்றுதான். வேறென்ன!

“மொத நாளே சொன்னேனே, கரையில ஒண்ணைக் குறியா வச்சுக்கிடணும்னு. டெல்பின் கோயில் கோபுரத்தைப் பாத்துக்கிடுவா. நீங்க எதைப் பாத்தீங்க?”

“உங்களத்தான். வேற யாரைப் பாக்கணும்? நீங்க என்ன செய்யுதீங்கன்னு நான் பாக்க வேண்டாமா?”

அமலி எழுந்து மணலைத் தட்டிவிட்டாள்.

“அப்ப என் எடத்துல நீங்க உக்காருங்க. நான் வார வரைக்கும் அசையக் கூடாது.”

பலகையை வாங்கிக்கொண்டு கடலுக்குள் போனாள்.

இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தாள் பேச்சி. பின்னால் ஒரு பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாதென்று இரண்டு குதிகாலையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

தென்கிழக்குக் காற்று சாய்வாக அடித்தது. பிள்ளை கலைத்துப் போட்ட துணிமணி மாதிரி அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அமலி எந்த அலையையும் பிடிக்கவில்லை. பலகைமேல் கால் தொங்கப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கரையைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பேச்சியும் கண்ணை எடுக்கவில்லை. நேர் எதிரே இருந்தவள் மெல்ல மெல்ல வடக்கே போனாள். இவள் எங்கே நழுவுகிறாள்?

அமலி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

“ஏக்கா! உக்காரச் சொன்னா எங்க போறீங்க? டெல்பின் பக்கம் உங்களுக்கு என்ன சோலி?”

பேச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“யாரு, நானா? உக்காந்த எடத்த விட்டு ஒரு சாண்கூட நான்...”

பாதியில் நிறுத்தி, மணலில் புதைந்திருந்த குதிகால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு கோயில் கோபுரம் எந்தப் பக்கம் என்று திரும்பித் தேடினாள்.