சொக்கியின் பேச்சு

பறவைகள் அவரவர் ஊர்ப்பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நாச்சி என்ற மைனாவையும் அவள் துணையையும் கூண்டில் அடைத்துக் கப்பலேற்றி, தூரக் கடலில் ஒரு கரும்புத் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். வந்த வருஷமே புயல் துணையைக் கொண்டுபோயிற்று. மிஞ்சியது அந்தத் தீவில் பொரித்த ஒரே குஞ்சு, சொக்கி.

நாச்சிக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை. விடிந்தால் கடற்கரைக்குப் பறப்பாள். ஊருக்குப் போகிற கப்பல் நிற்கிறதா என்று பார்ப்பாள். திரும்புவாள், மறுபடி பறப்பாள். அந்த நேரமெல்லாம் சொக்கியைப் பார்த்துக்கொண்டது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சாம்பல் கிளி. மரத்தடியில் துரை வீட்டுச் சேவல் துரையின் பேச்சில் ஓயாமல் கூவும். சொக்கி மூன்று பேரின் பேச்சையும் குழைத்துப் பேசினாள்.

"அம்மா, மாஜி!" என்பாள். தண்ணீருக்குக் கிளியின் சொல் அது.

"தண்ணின்னு சொல்லுடி!" என்று நாச்சி கொத்த வருவாள்.

ஒருநாள் கப்பல் வந்தது. நாச்சி மகளை இழுத்துக்கொண்டு பாய்மரத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஏறுகிறவர்களை விசாரித்து விடும் ஊர்க் காகம் ஒன்று இருந்தது.

"குஞ்சு எந்த ஊரு?"

"நம்ம ஊருதாண்ணே."

"அது வாயால சொல்லட்டும்."

சொக்கி பயந்துகொண்டே பேசினாள். மூன்று பேச்சும் கலந்து வந்தது.

"இது எந்த ஊர்ப் பேச்சும் இல்லையே! நீ வா. அது வேண்டாம்" என்றது காகம்.

கரையில் நின்ற சேவல் கேலியாக, "கிரியோல்! கிரியோல்!" என்று கூவியது. இங்கேயே பிறந்து வளர்ந்தது என்று அதன் பேச்சில் அர்த்தம்.

சொக்கி கரைக்குப் பறந்துவிட்டாள். நங்கூரம் ஏறியது. நாச்சி பாய்மரத்தின் நுனிக்கும் அடிக்குமாகத் தவித்தாள். ஊர் வேண்டும், மகளும் வேண்டும். கரை சிறுத்துக்கொண்டே போனது. சட்டென்று சிறகை விரித்தாள்.

மூச்சு வாங்க மணலில் வந்து விழுந்தாள். சொக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏண்டி, இந்தக் கடலுக்கு உன் பேச்சுல என்ன பேரு?"

அம்மா அப்படிக் கேட்டதே இல்லை. சொக்கி யோசித்தாள். பிறகு மூன்று பேச்சிலும் இல்லாத ஒரு புதுச் சொல்லைச் சொன்னாள். நாக்கு இடற இடற, நாச்சி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

மைனா ஒரு குரலில் நில்லாமல் பல குரலில் பேசுவதும், அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அவர்கள் பேச்சுக்கும் கிரியோல் என்றே பேர் நிலைத்ததும் அன்று முதல்தான்.